ஜெர்மனிக்குப் புறப்படும் ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேனுக்கு

அன்புள்ள தம்பி,

வட அமெரிக்காவில் என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏஎச்எல்லில் ஆடியது போதும் என்று முடிவுசெய்து, ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான டிஇஎல்லில் ஆடும் கிளப் ஒன்றோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறாய். சம்பளம், ஊர், சாப்பாடு பற்றியெல்லாம் உனக்குச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். நான் பனித்தளத்தின் அகலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வட அமெரிக்காவிலிருந்து போகும் டிஃபென்ஸ்மேன்கள், அதாவது தற்காப்பு வீரர்கள், முதலில் தடுமாறுவது அங்கேதான்.

நீ பழகிய தளம் 85 அடி அகலம், கிட்டத்தட்ட 26 மீட்டர். பழைய சர்வதேச அளவில் கட்டிய ஐரோப்பிய அரங்குகளில் அது 30 மீட்டர். நான்கு மீட்டர் கூடுதல் என்றதும் காக்க வேண்டிய இடம் எல்லாப் பக்கமும் பெருகிவிட்டதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார். கோலுக்கு இரு பக்கமும் உள்ள, நின்ற ஆட்டம் மறுபடி தொடங்கும் ஃபேஸ்ஆஃப் புள்ளிகளுக்கு இடையே உன் ஊரில் 44 அடி, அதாவது 13.4 மீட்டர். அங்கே 14 மீட்டர். நடுப்பகுதியில் கூடியிருப்பது 60 சென்டிமீட்டர்தான். மிச்சமெல்லாம் புள்ளிக்கும் தளத்தைச் சுற்றிய தடுப்பான போர்டுக்கும் நடுவே போய்ச் சேர்கிறது. ஒரு பக்கத்துக்கு 6.25 மீட்டராக இருந்தது 8 மீட்டர் ஆகிவிடுகிறது. ஆபத்தான இடம் ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கிறது, ஓரம்தான் அகன்றிருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொண்டால் உன் பாதி வேலை முடிந்தது.

எதிரணி விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரன், பக்கோடு (ஆடும் ரப்பர் வட்டோடு) ஓரமாக வளைந்து வேகமெடுப்பான். சின்ன ரிங்கில், அதாவது சின்னத் தளத்தில், அவனைப் போர்டோடு சேர்த்து நெருக்கிவிடுவாய், அவனுக்கு ஓட இடம் இருக்காது. பெரிய ரிங்கில் அதே மாதிரி பாய்ந்தால் அவனை எட்ட இரண்டு எட்டு கூடுதலாக வைக்க வேண்டும். அதற்குள் அவன் பக்கை உள்ளே தள்ளிவிட்டிருப்பான், நீ விட்டுவந்த நடுவில் இன்னொருவன் காலியாக நிற்பான். சில வேளை அவனை எட்டிவிடுவாய், ஆனால் தாமதமாக. அந்த வேகத்தில் விழும் இடிக்கு இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டியிருக்கும். ஆகவே உன் வெளித்தோளை அவன் உள்தோளுக்கு நேராக வைத்துப் பின்னோக்கிச் சறுக்கு. உன் பகுதியின் எல்லையான ப்ளூ லைனை நெருங்கும்போது இருவருக்கும் இடையே ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை ஸ்டிக் நீளம். உன் ஸ்டிக் முனை எப்போதும் நடுப்பாதையை மறித்தபடி இருக்கட்டும். அவன் ஓரத்திலேயே போகட்டும், அங்கிருந்து அடிக்கட்டும். கோணம் குறுகிய அந்த அடியைக் கோலி, அதாவது கோல்காப்பாளர், பார்த்துக்கொள்வார்.

மூலையிலும் இதே கதைதான். அங்கே பக்கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். பொறுமையிழந்து துரத்திப் போகிறவனைப் பயிற்சியாளர் அடுத்த ஷிஃப்டில் (தளத்தில் இறங்கும் முறையில்) பெஞ்சில் உட்காரவைப்பார். கோலுக்குப் பின்னால் இருக்கும் இடமும் கூடுதல்: உனக்குப் பழக்கம் 11 அடி, சுமார் 3.35 மீட்டர், பழைய அரங்குகளில் 4 மீட்டர். கோலுக்குப் பின்னால் நிற்கும் ஆட்டக்காரனுக்கு ஆற அமரப் பார்த்துப் பாஸ் கொடுக்க அது போதும். உன் கண் பக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நழுவி வருவது தெரியாது. கோல்முன் நிற்கும் டிஃபென்ஸ்மேன் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், பக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அகலம் உனக்குச் சாதகமாகும் நேரம், உன் பகுதியில் கிடக்கும் பக்கை எடுக்கத் திரும்பும்போது. சின்ன ரிங்கில், பக்கைப் பறிக்க விரட்டி வரும் ஃபோர்செக்கர் உன் கழுத்தில் மூச்சுவிட்டபடி வந்து பழகியவன் நீ. பக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உனக்கு ஏற்கெனவே இருக்கும். அதை விட்டுவிடாதே. பலர் நேரம் கிடைக்கிறதே என்று அங்கே ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கை எடுத்த பிறகுதான் யோசிக்கிறார்கள். கிடைத்த அந்தக் கணத்தைப் பாஸ் கொடுக்கச் செலவழி. உன் ஜோடி டிஃபென்ஸ்மேன் ‘வீல்’ (சுற்றி ஓடு), ‘ரிவர்ஸ்’ (வந்த பக்கமே திருப்பிக் கொடு), ‘ஓவர்’ என்று கூவுவது அங்கேயும் அதே சொற்களில்தான் இருக்கும், மொழியைப் பற்றிக் கவலைப்படாதே. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: ஓவர் பாஸ், அதாவது உன் ஜோடிக்குக் குறுக்காகப் போகும் பாஸ், இன்னும் அதிக தூரம் போக வேண்டும். மெதுவாகத் தள்ளினால் நடுவில் மாட்டும்.

எதிரணி ப்ளூ லைனில் போர்டை ஒட்டி நின்று அடிக்கும் ஷாட் அங்கே பெரும்பாலும் வீண். கோணம் மோசம், கோலிக்கும் பக் தெளிவாகத் தெரியும். பக் வந்ததும் கோட்டை ஒட்டியே இரண்டு மூன்று எட்டு நடுவை நோக்கி நகர்ந்து, கோல்முன் கூட்டம் சேர்ந்த பிறகு மணிக்கட்டால் தாழ்வாக அடி. இரண்டாம் பீரியடில் அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் உன் பகுதியிலிருந்து தள்ளிப்போய்விடும் என்பது உனக்குத் தெரியும். 45 விநாடி ஷிஃப்ட் ஒன்றரை நிமிடமாக நீளுவது அப்போதுதான். மூச்சு வாங்கிய கால்களுக்கு அந்த ஓரத்து எட்டு மீட்டர் பெரும் தொலைவு. சந்தேகம் வந்தால் நடுக்கோட்டைத் தாண்டிப் பக்கைத் தள்ளிவிட்டு மாற்று ஆளை இறக்கு.

எதிர்த்திசையில் போனவர்களை நினைத்துப் பார். 1973இல் சுவீடனின் பொரியே சால்மிங், பெரிய தளத்திலிருந்து டொராண்டோவின் சின்னத் தளத்துக்கு வந்தார். ஐரோப்பியன் என்பதற்காகவே அவரை அடித்துப் பார்த்தார்கள். அவர் ஷாட்டுகளுக்கு முன்னால் உடம்பைப் போட்டார், பக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார், என்எச்எல்லில் 1148 ஆட்டம் ஆடினார். 1976 கனடா கோப்பையில் சுவீடன் சட்டையோடு இறங்கிய அவருக்கு டொராண்டோ அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. நம் காலத்தில் ஜெர்மானிய டிஃபென்ஸ்மேன் மோரிட்ஸ் சைடர்: மான்ஹைம் கிளப்பில் தேறி, அமெரிக்காவில் ஏஎச்எல், பிறகு சுவீடனின் ரோக்லே கிளப், அதன்பின் என்எச்எல்லின் டெட்ராய்ட். 2022இல் சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருது. ஆக, ஐரோப்பாவுக்குப் போவதைப் பின்வாங்கல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இனி ஒப்பந்தம். டிஇஎல்லில் ஓர் ஆட்டத்தில் ஒன்பது வெளிநாட்டு வீரர்கள்தான் இறங்கலாம். அந்த ஒன்பதில் ஓர் இடத்தை உனக்குக் கொடுக்கிற கிளப், மூன்றாம் ஜோடியில் பன்னிரண்டு நிமிடம் ஆட உன்னைக் கூப்பிடவில்லை. பவர் பிளேயிலும் (எதிரணியில் ஆள் குறையும்போது) பெனால்டி கில்லிலும் (உன் அணியில் ஆள் குறையும்போது) உன்னை எதிர்பார்ப்பார்கள். ஆட்டம் சரியில்லாவிட்டால் முதலில் விரல் நீளுவதும் வெளிநாட்டுக்காரனை நோக்கித்தான். லீக் சுற்றில் 52 ஆட்டம், ஏஎச்எல்லில் 72. பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும் ஆட்டம், நடுவாரம் பயிற்சி. தவறைத் திருத்த நேரம் கிடைக்கும், ஆனால் ஒவ்வோர் ஆட்டத்தின் எடையும் கூடுதல். அத்தோடு நீ இதுவரை அறியாத ஒன்று உண்டு: தரமிறக்கம். கிரேஃபெல்ட் கிளப் 2022இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கிளப் இறங்கினால் உன் ஒப்பந்தம் தொடருமா, முடியுமா என்பதை எழுத்தில் கேள்.

சம்பளத் தொகை வரிக்கு முன்பா, கையில் வருவதா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. வீடு, கார், விமான டிக்கெட் யார் பொறுப்பு, எத்தனை மாதம் சம்பளம், என்எச்எல் அழைப்பு வந்தால் விலகலாமா என்பதையும் கேள். காயம் பற்றிய பகுதியை வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து படி. ஜெர்மனியில் காயம்பட்டால் முதல் ஆறு வாரம் கிளப் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கும். அதன் பிறகு சட்டப்படியான விபத்துக் காப்பீடு கொடுப்பது முழுச் சம்பளம் ஆகாது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆறேழு மாதம் உட்கார நேர்ந்தால் அந்த இடைவெளியை நிரப்பத் தனிக் காப்பீடு வேண்டும். அதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடு, காயத்துக்குப் பிறகு யாரும் விற்கமாட்டார்கள். நாடு விட்டு நாடு கிளப் மாறுவதற்கான, சர்வதேசக் கூட்டமைப்பின் மாற்று அட்டை வந்து சேராமல் நீ ஆட முடியாது. விண்ணப்பம் எப்போது போனது என்று ஏஜென்டை வாரம் ஒரு முறை கேட்டுக்கொண்டே இரு.

கருவிகளில் இரண்டே விஷயம். ஸ்கேட் தீட்டும்போது பிளேடின் அடியில் அரை அங்குல ஆரமுள்ள குழிவு என்று சொல்லிப் பழகியிருப்பாய், அங்கே மில்லிமீட்டரில் 13 என்று சொல். முதல் தீட்டலுக்குப் பிறகு பயிற்சியில் இறங்கிப் பார்த்துவிட்டு மாற்றச் சொல். உன் வளைவிலும் விறைப்பிலும் ஆர்டர் கொடுத்த ஸ்டிக்குகள் வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம். ஆகஸ்ட் பயிற்சி முகாமைத் தாண்டும் அளவுக்குக் கையிலேயே கொண்டுபோ. கழுத்துக் காப்பை இந்தக் கோடையிலேயே போட்டுப் பழகு. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆட்டத்தின்போது ஆடம் ஜான்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட் பட்டு இறந்த பிறகு அதைப் பற்றிப் பேச எதுவும் மிச்சமில்லை.

புறப்படும் முன் அந்தக் கிளப்பிடம் போன பருவத்து ஆட்டங்களில் நான்கின் வீடியோவைக் கேட்டு வாங்கு, இரண்டு உள்ளூர், இரண்டு வெளியூர். பக்கைப் பார்க்காமல் டிஃபென்ஸ்மேன்களை மட்டும் பார். ஃபேஸ்ஆஃப் புள்ளிகளுக்கு வெளியே அவர்கள் எப்போது போகிறார்கள், எப்போது போகாமல் காத்திருக்கிறார்கள் என்று ஷிஃப்ட் ஷிஃப்டாகக் குறித்துக்கொள். சந்தேகம் வருகிற இடங்களை எழுதி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்