எந்த மழையில் எடுத்த விளைச்சல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வறண்ட பகுதிகளுக்கான தானிய ரகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொரு ரகத்துக்கும் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று போட்டிருந்தீர்கள். சரி, அது எந்த மழையில் எடுத்தது? தண்ணீர் பாய்ச்சிய பண்ணையிலா, மானாவாரியிலா? அது தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு மானாவாரி விவசாயி என்ன செய்வார்?

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் முதலிடம் பிடிக்கும் ரகம், குறைந்த மழையில் பின்தங்குவது சகஜம். சிரியாவில், வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்கார்டா என்ற பன்னாட்டு நிலையத்தில் பார்லி ரகங்களை உருவாக்கிய சால்வத்தோரே செக்கரெல்லி இதைத்தான் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். வறண்ட நிலத்துக்கான ரகத்தை அந்த நிலத்திலேயே, விவசாயிகளையும் கூட வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மழை சீக்கிரம் நின்றுவிடும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பயிரின் வயது. 1990-இல் ஹரியானாவில் வெளியான எச்.எச்.பி. 67 கம்பு 65 நாட்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். நல்ல மழை பெய்தால் நீண்ட வயது ரகங்கள் அதை மிஞ்சலாம். ஆனாலும் ஈரம் தீருமுன் மணி முற்றிவிடுவதால் ஹரியானா, ராஜஸ்தான் விவசாயிகள் அதை விடவில்லை. அடிச்சாம்பல் நோய் தொல்லை கொடுத்தபோதும் ரகத்தைக் கைகழுவாமல், அதற்கு எதிர்ப்புத்திறன் சேர்த்து 2005-இல் மறுபடி வெளியிட்டார்கள்.

மக்காச்சோளத்தின் சிக்கல் வேறு. பூக்கும் நேரத்தில் ஈரம் குறைந்தால், உச்சியிலுள்ள ஆண் பூ தன் போக்கில் மகரந்தத்தைக் கொட்டிவிடும். கதிரில் அந்த மகரந்தத்தைப் பிடிக்கும் பட்டு நூல் வெளிவரத் தாமதமாகும். அது தலைகாட்டும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். தோகையை உரித்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் மணி. மெக்சிகோவில், மக்காச்சோளத்தையும் கோதுமையையும் ஆராயும் சிமிட் என்ற பன்னாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் மழையில்லாப் பருவத்தில் விதைத்து, பூக்கும் சமயத்தில் வேண்டுமென்றே பாசனத்தை நிறுத்தி, இந்த இடைவெளி குறைந்த செடிகளைப் பொறுக்கியெடுத்தார்கள். ஆக, பண்ணையில் சோதிப்பது தப்பில்லை. காயவிட்டுச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், கதிர் அறுத்தபின் மாட்டுத் தீவனமாகும் தட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மாடு வைத்திருப்பவர் மணியை மட்டும் பார்த்து ரகம் மாற்றமாட்டார். கதிர் பொய்த்த ஆண்டில் அவருக்கு மிஞ்சுவது தட்டைதான்.

இனி ரகப் பட்டியல் போடும்போது விதைத்த தேதி, பருவத்தில் பெய்த மழை, பாசனம் உண்டா, தட்டை எடை எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மழை குறைந்த ஆண்டின் விளைச்சலைத் தனியாகக் காட்டுங்கள். பல ஆண்டுச் சராசரிக்குள் அது காணாமல் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்