நனையாத சீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அக்கா வீட்டில் தரை மாற்றி முடித்துவிட்டார்கள். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலவே இருக்கிறது. மற்ற செய்திகளைக் கடைசியில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் அம்மா உன்னோடு பேசியபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை, இங்கே சிங்கப்பூரில் காலை பத்து மணி, மெல்பர்னில் பிற்பகல் ஒன்று. அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னாய். உன் பேச்சுக்குப் பின்னால், பல்லாங்குழியில் சோழி விழுவது போல ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று அம்மா கேட்டதற்கு, யாரோ கணினியில் தட்டுகிறார்கள் என்றாய். அவள் சரி என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. போக்கர் சீட்டாட்டத்தில் எப்போது பிளஃப் செய்யலாம், அதாவது கையில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பது போலக் காட்டிப் பணம் கட்டலாம், என்பதை மட்டும் எழுதுகிறேன். தேசிய சேவை முடித்து வந்த வருடம் சாப்பாட்டு மேசையில் தீக்குச்சிகளைப் பரப்பி அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். அன்று அரைகுறையாகக் கேட்டேன். இந்த ஒரு மாதமாகத் தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, முறையாகப் படித்திருக்கிறேன்.

கணக்கு எளிது என்று நீ அன்று சொன்னது உண்மை. நடுவில் 100 வெள்ளி கிடக்கும்போது, கையில் ஒன்றுமில்லாமல் 100 வெள்ளி கட்டினால், எதிராளி இரண்டில் ஒரு முறையாவது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். 50 வெள்ளி கட்டினால் மூன்றில் ஒரு முறை விலகினாலே நட்டமில்லை. உயர்நிலை நான்கில் கூடுதல் கணிதத்தில் ஏ1 வாங்கியவனுக்கு இது ஒரு கணக்கா? அந்தச் சான்றிதழை அம்மா இன்னும் அலமாரியில்தான் வைத்திருக்கிறாள். ஆனால் எதிராளி விலகுவாரா என்பதற்கான விடை காகிதத்தில் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. மூன்று பேர் எதிரே இருந்து, ஒவ்வொருவரும் பாதிக்குப் பாதி விலகக்கூடியவர் என்றே வைத்துக்கொண்டாலும், மூவரும் சேர்ந்து விலகுவது எட்டில் ஒரு முறைதான். ஆகவே கூட்டத்தில் பிளஃப் செய்யாதே. நீ எதைக் கட்டினாலும் விலகாமல் தானும் அதே அளவு கட்டிப் பார்த்துவிடுவேன் என்று உட்கார்ந்திருப்பவரிடமும் செய்யாதே. அவரிடம் ஆடும்போது, உனக்கு நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நல்ல பிளஃப் கடைசிச் சீட்டில் பிறப்பதும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக மேசை நடுவில் முதல் மூன்று சீட்டுகள் விரிந்தபோது எவ்வளவு கட்டினாய், நான்காவதில் ஏன் சும்மா இருந்தாய், ஐந்தாவதில் ஏன் திடீரென்று அவ்வளவு பெரிய தொகை என்று எதிராளி பின்னோக்கி யோசித்துப் பார்க்கும்போது, எல்லாம் ஒரே கையைக் காட்ட வேண்டும். நவம்பரில் பதவி உயர்வு கிடைத்ததாகச் சொன்னாய். டிசம்பரில் வாடகை குறைந்த வீட்டுக்கு மாறினாய். ஜனவரியில், பொங்கலுக்கு வர விமானச் சீட்டு விலை அதிகம் என்றாய். மூன்றும் தனித்தனியே நம்பக்கூடியவைதான், தம்பி. நான் ஆட்டத்தைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளஃப் செய்தாலும், பிடிபட்டால் ஒதுங்க ஓர் இடம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒரே இனத்தில் நான்கு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பவனுக்கு இன்னும் ஒன்பது சீட்டுகள் உதவக்கூடும். இரண்டு சீட்டுகள் வரவேண்டியிருக்கும்போது அது ஏறத்தாழ 35 விழுக்காடு, ஒன்றே மீதமிருந்தால் 20க்கும் சற்றுக் குறைவு. எதிராளி விலகினால் உடனே வெற்றி, விலகாவிட்டாலும் சீட்டு வந்து காப்பாற்றலாம். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வு நேரத்தில் ஆடுபவன் அப்படிப்பட்டவன். வேலையையும் விட்டுவிட்டு ஆடுபவனுக்கு எத்தனை சீட்டு மீதம் என்று நீயே எண்ணிக்கொள். நீ அப்படிச் செய்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை.

2003இல் லாஸ் வேகஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தை எனக்கு எத்தனை முறை போட்டுக் காட்டினாய்! 839 பேர் ஆடிய போட்டி. கடைசி இருவரில் ஒருவர் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர். அவர் கையில் ராஜாவும் ஏழும். காத்திருந்த இஸ்பேட்டும் வரவில்லை, வரிசையும் சேரவில்லை. இருந்த காசு முழுவதையும் நடுவில் தள்ளினார். எதிரே சாமி ஃபார்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி; ஜெயிக்கும் கை. காத்திருந்தது வரவில்லையோ என்று அவர் வாய்விட்டே கேட்டார். கேட்டுவிட்டு, சீட்டைக் கவிழ்த்தார். அன்று நீ மணிமேக்கரின் துணிச்சலைப் புகழ்ந்தாய். நான் இப்போது ஃபார்ஹாவைப் பற்றித்தான் யோசிக்கிறேன். சந்தேகம் சரியாக வந்த பிறகும் ஒருவர் விலகுகிறார். ஏன் விலகுகிறார்?

போனை வைத்த பிறகு, அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். "கேட்டது" என்றாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்தச் சட்டை நினைவுக்கு வந்தது.

நீ தொடக்கநிலை இரண்டில் இருந்த வருடம், 1996. அங் மோ கியோவில் நண்பர் வீட்டில் சனிக்கிழமை தோறும் மூன்று சீட்டு ஆடினோம். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விட்டதைப் பிடிப்பதற்காகவே நான் பிளஃப் செய்தேன். நடுவில் போட்ட பணம் போட்ட கணமே நம்முடையது இல்லை என்பது தெரியாமல், அதைத் துரத்திக்கொண்டு மேலும் மேலும் கட்டினேன். நீ ஆடும் ஆட்டத்துக்கு வரம்பில்லா ஆட்டம் என்று பெயர் இருந்தாலும், ஒரு கையில் மேசை மேல் உன் முன்னால் இருப்பதற்கு மேல் இழக்க முடியாது என்று விதி இருக்கிறது. எங்கள் ஆட்டத்தில் அந்த விதி இல்லை. அம்மாவின் நான்கு சவரன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தேன். மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. கொக்கி தளர்ந்திருந்தது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். எந்தக் கடையில் என்று கேட்டாள். தேக்காவில் என்றேன். சரி என்றாள்.

ஐந்து மாதம் கழித்து போனஸ் வந்ததும் மீட்டுக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கடைசிவரை தெரியாது என்று இத்தனை வருடம் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நகையை மீட்கப் போன அன்று, அடகுச் சீட்டு என் நீலச் சட்டைப் பையில் இருந்தது. துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்த சட்டை. அதனுள் ஒரு துளி ஈரமும் படாத சீட்டு. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேனே தவிர, அது எப்படி நனையாமல் இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஐந்து மாதமும் அவள் கையில் அந்தச் சீட்டு இருந்திருக்கிறது. காட்டவில்லை. நான் ஒவ்வொரு வாரமும் தட்டான் வேலை தாமதமாகிறது என்று சொல்லச் சொல்ல, சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

இங்கே சூதாட்டக் கூடத்தில் கால் வைப்பதற்கே குடிமக்கள் 150 வெள்ளி கட்ட வேண்டும். சூதாட்டப் பிரச்சினைகளைக் கவனிக்கும் தேசிய மன்றத்திடம் குடும்பத்தாரே விண்ணப்பித்து, ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி உண்டு. போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன். அந்தத் தடை மெல்பர்ன் வரை வராது என்பது படிக்கும் முன்பே எனக்குத் தெரியும். இருந்தும் முழுவதும் படித்தேன். அப்பாவை மன்னித்துக்கொள்.

விலகாதவரிடம் பிளஃப் செய்யாதே என்று மேலே எழுதியிருக்கிறேன். அம்மா விலகுகிறவள் போலத்தான் தெரிவாள்.

மற்ற செய்திகளுக்கு இடமில்லை, அக்கா எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தேக்காச் சந்தைக்குப் போய்விடுவாள். ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். போன் செய். அந்தச் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா