லாகைத் திறப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்பதில் மகிழ்ச்சி, இங்கும் அப்படியே. பழைய சர்வர்களையெல்லாம் பிராக்ஸ்மாக்ஸுக்கு (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது வி.எம்.களை, ஓட்டும் மென்பொருள்) மாற்றும் பொறுப்பு உன் தலையில் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாய். நீ அடுக்கியிருந்த சிக்கல்களில் எதிலுமே ஓ.எஸ். (ஆபரேட்டிங் சிஸ்டம்) கெட்டுப்போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஓ.எஸ். ஒரு ஹார்டுவேரை எதிர்பார்க்கிறது, வி.எம். வேறொன்றைக் காட்டுகிறது. அதனால் உள்ளே போய் லாகை (நடந்ததையெல்லாம் பதியும் கோப்பை) தோண்டுவதற்கு முன் அந்த வி.எம்.மின் ஹார்டுவேர் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படி.

விண்டோஸ் சர்வர் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாததற்குக் காரணம், நீ டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸியில் (வி.எம்.களுக்கென்றே உள்ள டிஸ்க் இணைப்பு) வைத்திருப்பது. மைக்ரோசாஃப்டின் ஐ.எஸ்.ஓ.வில் (இன்ஸ்டால் சிடியின் கோப்பு வடிவம்) அதற்கான டிரைவர் கிடையாது. விர்ட்ஐஓ டிரைவர் ஐ.எஸ்.ஓ.வை இரண்டாவது சிடி டிரைவாகச் சேர்த்து, ‘லோட் டிரைவர்’ கொடுத்து, விஐஓஸ்கஸி ஃபோல்டருக்குள் உன் விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடு, அதற்குள் ஏஎம்டி64. டிஸ்க்கை விர்ட்ஐஓ பிளாக்காகக் கொடுத்திருந்தால் விஐஓஸ்டோர் ஃபோல்டர். இந்த இரண்டையும் மாற்றி எடுத்தால் பட்டியல் காலியாகவே நிற்கும், ஐ.எஸ்.ஓ. பழுது என்று சந்தேகம் வரும். நெட்வொர்க் கார்டுக்கு நெட்கேவிஎம் டிரைவரையும் அதே இடத்தில் ஏற்றிவிடலாம். இன்னொன்று: பதிப்புப் பட்டியலில் ‘டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று போடாத வரி சர்வர் கோர், அதாவது டெஸ்க்டாப் இல்லாதது. அவசரத்தில் அதைத் தட்டிவிட்டால், 2016 முதல் வந்த பதிப்புகளில் பின்னால் மாற்ற வழியில்லை, மறுபடி இன்ஸ்டால்தான்.

ஏற்கெனவே விஎம்வேரில் (பிராக்ஸ்மாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருள்) ஓடிய விண்டோஸைக் கொண்டுவரும்போது வரும் 0எக்ஸ்7பி நீலத்திரைக்கும் இதே காரணம்: பூட் ஆகும் நேரத்தில் டிரைவர் இல்லை. டிஸ்க்கை முதலில் சாட்டா-வாக (விண்டோஸிலேயே டிரைவர் உள்ள வழக்கமான இணைப்பு) மாட்டிப் பூட் செய். கூடவே 1 ஜி.பி. அளவில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கஸியில் சேர்த்துவிடு. விண்டோஸுக்குள் டிரைவரை நிறுவு. அந்தச் சின்ன டிஸ்க் டிவைஸ் மேனேஜரில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஷட்டவுன் செய். பிறகு முதல் டிஸ்க்கைக் கழற்றி ஸ்கஸியில் மாட்டு. பூட் ஆர்டரில் புது டிஸ்க்கைத் திரும்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ரெட் ஹேட் வகை லினக்ஸிலும் இதன் மறுபதிப்பு உண்டு. டிராகட் என்ற கருவி தன் வழக்கப்படி அந்த மெஷினில் கண்ட ஹார்டுவேருக்கு மட்டுமே இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் டிரைவர்களை ஏற்றும் சிறு தொகுப்பு) கட்டும். விர்ட்ஐஓ அதில் இருக்காது. புது இடத்தில் ரூட் டிஸ்க் (ஓ.எஸ். இருக்கும் டிஸ்க்) கிடைக்காமல் டிராகட் ஷெல்லில் (அவசரக் கமாண்ட் திரை) வந்து நிற்கும். நகர்த்துவதற்கு முன்பே ‘நோ-ஹோஸ்ட்ஒன்லி’ ஆப்ஷனோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டிவிட்டால் தொல்லையில்லை. நகர்த்திய பிறகுதான் தெரிந்ததென்றால், கிரப் மெனுவில் (பூட் தேர்வுத் திரை) ரெஸ்க்யூ என்றிருக்கும் கெர்னலில் (ஓ.எஸ்.ஸின் மையப் பகுதி) பூட் செய். அது எல்லா டிரைவரையும் வைத்திருக்கும். உள்ளே போய்க் கட்டிக்கொள்ளலாம்.

அல்மாலினக்ஸ் 9 (இதுவும் ரெட் ஹேட் வகைதான்) ஆரம்பத்திலேயே கெர்னல் பானிக் ஆகி நின்றுவிடுகிறது என்றாயே, அதற்குக் காரணம் சிபியு டைப், அதாவது வி.எம்.முக்குக் காட்டப்படும் பிராசசர் வகை. பழைய வி.எம்.களில் ‘கேவிஎம்64’ என்றிருக்கும். ரெட் ஹேட் 9 வரிசைக்கு எக்ஸ்86-64-வி2 என்ற சிபியு வசதித் தொகுப்பு தேவை, அதை இந்த டைப் காட்டுவதில்லை. நிஜ சிபியு எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை. ‘ஹோஸ்ட்’ அல்லது ‘எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்’ என்று மாற்று. வெவ்வேறு சிபியு உள்ள நோடுகளுக்கிடையே (பிராக்ஸ்மாக்ஸ் ஓடும் கணினிகள்) லைவ் மைக்ரேஷன் (வி.எம்.மை நிறுத்தாமலே நகர்த்துவது) செய்யப் போகிறாய் என்றால் ‘ஹோஸ்ட்’ வேண்டாம். மாற்றிய பிறகு வி.எம்.முக்குள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் புது செட்டிங் ஏறாது. முழுக்க ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கெஸ்ட் ஏஜெண்ட் (வி.எம்.முக்குள்ளிருந்து பிராக்ஸ்மாக்ஸோடு பேசும் சிறு நிரல்) ஆப்ஷனை ஆன் செய்யும்போதும் இதேதான்.

உபுண்டுவில் 100 ஜி.பி. கொடுத்தும் ரூட் 50 ஜி.பி.க்குள் நிரம்பிவிட்டது என்பதற்குப் பயப்படாதே. இன்ஸ்டாலர் எல்.வி.எம். (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் முறை) போடும்போது 20 முதல் 200 ஜி.பி. வரையான டிஸ்க்கில் பாதியைத்தான் ரூட்டுக்குக் கொடுக்கும். அதற்கு மேல் போனால் 100 ஜி.பி.யோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சம் வால்யூம் குரூப்பில் (எல்.வி.எம்.மின் மொத்த இடம்) சும்மா கிடக்கிறது. எல்வி-எக்ஸ்டெண்ட் கமாண்டில் காலியிடம் முழுவதையும் கொடுத்து, சின்ன எழுத்து ஆர் ஆப்ஷனையும் சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். டிஸ்க்கையே வெளியே பெரிதாக்கியிருந்தால், இதற்கு முன் குரோபார்ட்டால் பார்ட்டிஷனையும் பிவி-ரீசைஸால் பிசிக்கல் வால்யூமையும் வளர்க்க வேண்டும். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் ஒன்றை நினைவில் வை: வளர்க்கலாம், சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்.

குளோன் செய்த இரண்டு உபுண்டுவுக்கும் ஒரே ஐபி வருவது மேக் முகவரியால் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அல்ல. மேக் வேறுவேறாகத்தான் இருக்கிறது, நீயே பார்த்திருக்கிறாய். நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன் டிஹெச்சிபி அடையாளத்தை (ஐபி கேட்கும்போது காட்டுவது) மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்குகிறது. குளோனில் அது அப்படியே நகலாகிவிடும். டெம்ப்ளேட்டில் (குளோன்களுக்கான மூல வி.எம்.) ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய். அடுத்த பூட்டில் புதிது உருவாகும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) ஹோஸ்ட் கீகளையும் நீக்கிவிடு. கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் அமைப்பு வேலைகளைச் செய்யும் நிரல்) இருந்தால் அதுவே புதிய கீகளைப் போடும். இல்லையென்றால் நீதான் உருவாக்க வேண்டும், இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் சர்வீஸே கிளம்பாது. விண்டோஸ் டெம்ப்ளேட்டுக்கு சிஸ்பிரெப் (தனி அடையாளங்களை நீக்கும் கருவி), ஜெனரலைஸ் ஆப்ஷனோடு. இதில் சோம்பல்பட்டால் டொமைனில் (அலுவலகக் கணினிகளின் பொது நிர்வாக அமைப்பு) சேர்க்கும்போது அனுபவிப்பாய்.

மெஷின் டைப்பை (வி.எம். காட்டும் மதர்போர்டு வகை) ஐ440எஃப்எக்ஸிலிருந்து கியூ35-க்கு மாற்றிய பிறகு நெட்வொர்க் போனது எதனால் என்று இப்போது நீயே சொல்லிவிடுவாய். நெட்வொர்க் கார்டின் பிசிஐ இடம் மாறியதும் அதன் இன்டர்ஃபேஸ் பெயர் ஈஎன்எஸ்18-இலிருந்து ஈஎன்பி6எஸ்18 ஆகிவிட்டது; நெட்பிளான் கோப்பு (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது. கன்சோலில் நுழைந்து பெயரை மாற்று.

ஸ்னாப்ஷாட்டை (வி.எம்.மின் ஒரு கண நிலையைப் பிடித்து வைப்பது) பேக்கப் என்று உன் அலுவலகத்தில் நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். அதோடு தின் பூலில் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் பொதுச் சேமிப்பிடம்) பழைய ஸ்னாப்ஷாட்கள் பிளாக்குகளைப் பிடித்து வைத்திருப்பதால், வி.எம்.முக்குள் எவ்வளவு அழித்து எஃப்எஸ்டிரிம் (காலியான இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் கமாண்ட்) ஓட்டினாலும் அந்த இடம் திரும்பாது. பூல் நிரம்பியதும் வி.எம். ‘ஐஓ-எரர்’ என்று உறைந்து நிற்கும். உள்ளே டிஸ்க் பாதி காலி என்று காட்டும். ஸ்னாப்ஷாட்டை அப்டேட்டுக்கு முன் எடு, சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் நீக்கு. டிஸ்க் செட்டிங்கில் டிஸ்கார்டையும் (காலியான இடத்தைப் பூலுக்குத் தெரிவிப்பது) ஆன் செய்துவை.

அந்த ஆக்டிவ் டைரக்டரி சர்வரை (டொமைனின் பயனர் கணக்குகளை வைத்திருப்பது) மட்டும் தயவுசெய்து நகர்த்தாதே. பிராக்ஸ்மாக்ஸில் புதிதாக ஒரு விண்டோஸ் சர்வர் போட்டு, அதை டொமைன் கன்ட்ரோலராக்கி, ரெப்ளிகேஷன் (தகவல்கள் அதற்கு நகலாவது) முடிந்ததை உறுதிசெய்து, எஃப்எஸ்எம்ஓ ரோல்களை (ஒரே சர்வர் மட்டும் வகிக்கும் பொறுப்புகள்) அதற்கு மாற்றியபின் பழையதை இறக்கு. வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பழையதும் நகலும் ஒரே நேரத்தில் ஓடிவிட்டால் அதைச் சரிசெய்வது இதைவிட பல மடங்கு வேலை. எந்த வார இறுதியில் செய்யப் போகிறாய் என்று எழுது. அன்று போனை அருகிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்