லாரி டிரான்ஸ்போர்ட் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25 (கலாசிபாளையம், பெங்களூரு)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆயுத பூஜை வழக்கம்போல நல்லபடியாக நடந்தது. இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்தது ரிட்டர்ன் லோடு, அதாவது சரக்கை இறக்கிய வண்டிக்குத் திரும்பும் வழியில் கிடைக்கும் சரக்கு, விஷயத்தில்தான்.

சேலத்து ஜவ்வரிசியை யஷ்வந்த்பூரில் இறக்கிய வண்டி லோடு இல்லாமல் நிற்கும். அதே நேரம் பீன்யாவில் நம் உறுப்பினரே சேலத்துக்கு வண்டி தேடிக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் போட்ட தகவல் அரை மணியில் மேலே போய்விடுகிறது. அதனால் எல்லோரும் எழுதும்படி ஒரு கூகுள் ஷீட் திறந்தோம்: வண்டி நிற்கும் இடம், எத்தனை டன், எப்போது காலி, எந்த ஊருக்கு. வாடகையைச் சேர்க்கவில்லை. அது இருவர் பேசி முடிக்க வேண்டியது.

மார்கழியில் ஒரு நாள் இரவு, சென்னைக்கு இயந்திர உதிரிபாகம் ஏற்றிய வண்டிக்குக் கிருஷ்ணகிரி அருகே ஆக்சில் உடைந்தது. ஓசூரில் இறக்கிவிட்டு இன்னொரு உறுப்பினரின் வண்டி காலியாக நிற்பது ஷீட்டில் இருந்தது. அதை வரவழைத்துச் சரக்கை மாற்றி ஏற்றி, இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வண்டி விவரம் எழுதும் பார்ட் பி-யில் புது வண்டி எண்ணைப் பதிந்த பிறகே கிளப்பினார்கள். பதியாமல் போய்ப் பிடிபட்டால் சரக்கின் ஜி.எஸ்.டி. வரியைப் போல இரு மடங்கு அபராதம். 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பதுதான் பில் செல்லுபடியாகும் கணக்கு. காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள்தான் நீட்டிக்க முடியும். அன்று இரவு உதவிய இருவருக்கும் சங்கத்தின் நன்றி.

2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம். அது முதலாளியின் செல்பேசிக்கே வந்தால், அவர் ஊருக்குப் போயிருக்கும்போது ஆபீஸில் வேலை நின்றுவிடுகிறது. குமாஸ்தாவுக்குக் குமாஸ்தாவின் சொந்தச் செல்பேசி எண்ணிலேயே துணைப் பயனர் கணக்கு திறந்து கொடுங்கள்.

அப்புறம், மத்திய அரசு 2022 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய யூலிப் (ULIP) என்ற சரக்குப் போக்குவரத்துத் தகவல் தளம். வாகன் (வண்டிப் பதிவு), சாரதி (ஓட்டுநர் உரிமம்), ஃபாஸ்டேக் (சுங்கச்சாவடிக் கட்டணம்) தகவல்கள் அதன் வழியாக ஒரே இடத்தில் கிடைக்கின்றன. முன்பின் தெரியாத வண்டிக்கு லோடு கொடுக்கும் முன் ஆர்.சி., லைசென்ஸ் பார்க்க இது பெரிய உதவி. மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதில் யூலிப் இணைப்பு உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

ஒரு வருத்தம். லோடு ஏறிய பிறகும் சிலர் ஷீட்டில் வண்டியைக் காலி என்றே விட்டுவிடுகிறார்கள். அதை நம்பிச் சரக்கு அனுப்பும் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்தவர் தலைகுனிய வேண்டியிருக்கிறது. லோடு பேசி முடித்த உடனே அந்த வண்டியின் பதிவை ஷீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இந்தப் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்