வெள்ளம் வத்தின பிறகும் வந்தவைக்கு நன்றி

கிளிநொச்சி முரசுமோட்டையில இருந்து எழுதுறன். 2018 மார்கழியில இரணைமடுக் குளம் நிறைஞ்சு வான்கதவு திறந்து வெள்ளம் வரேக்க என்ர மகளுக்கு 11 மாசம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில இருந்த நாளில சாப்பாட்டுக்குக் குறையே இல்லை, முகம் தெரியாத சனமெல்லாம் லொறியில கொண்டுவந்து தந்தது, அவையை ஒருநாளும் மறக்கமாட்டம்.

ஆனா பிள்ளையள் மெலிஞ்சது அதுக்குப் பிறகு. வீட்டுக்குத் திரும்பினா கிணத்துக்குள்ள சேறு, வயல் அழிஞ்சு போச்சு, அவருக்குக் கூலி வேலையும் இல்லை, மகளுக்கு வயித்தோட்டம் பிடிச்சு 7 கிலோ 900 இருந்தவ தை முடியேக்க 6 கிலோ 900. கையைச் சுத்தி நாடா போட்டுப் பாத்தா 12 சென்ரிமீற்றர், மஞ்சளில நிக்குது. 12.5க்குக் கீழ போனா கவனிக்கோணும், 11.5க்குக் கீழ எண்டா உடன ஆசுப்பத்திரி எண்டு மிட்வைஃப் மிஸ் சொல்லேக்க எனக்குக் கால் நடுங்கிச்சு.

மிஸ், உங்களுக்குத்தான் முதல் நன்றி. வெள்ளத்தில நனைஞ்ச கிளினிக் கொப்பியில மை எல்லாம் ஊறிப் போச்சு, நீங்கள் உங்கட பதிவைப் பாத்து ஒவ்வொரு மாச நிறையையும் புதுக் கொப்பியில புள்ளி வைச்சு கோடு கீறித் தந்தனீங்கள், அந்தக் கோடு கீழ இறங்கினதைக் கண்ணால பாத்தாப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சு. வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனித் தூள் ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரைக்கச் சொல்லி, சிங்க் குளிசையை வயித்தோட்டம் நிண்டாலும் இடையில விடாதேங்கோ எண்டு சொல்லி, திரிபோஷா சத்துமாவும் தந்து, ரெண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு நேரம் கூடச் சாப்பாடு குடுக்க வைச்சனீங்கள். பள்ளிக்கூடத்தில இருக்கேக்க பக்கத்து அறையில 2 மாசப் பிள்ளையோட இருந்த தங்கச்சி, பயத்தில பால் வத்திட்டுது எண்டு மாப்பால் கரைக்கப் போக, "வத்தாது பிள்ளை, உறிஞ்ச உறிஞ்சச் சுரக்கும், இந்தத் தண்ணியில போத்தில் வேண்டாம்" எண்டு பக்கத்தில இருந்து பால் குடுக்க வைச்சதையும் பாத்தனான்.

பம்ப் கொண்டுவந்து கிணறு இறைச்சு, சேறு அள்ளி, குளோரின் போட்டுத் தந்த தம்பியவை, நீங்கள் இல்லாட்டி அந்த வயித்தோட்டம் நிண்டிராது. தன்ர கோழி போட்ட முட்டையை விக்காம மகளுக்கு எண்டு எடுத்து வைச்ச முன்வீட்டு ஆச்சி, பயறு வறுத்துத் திரிச்சுத் தந்த மாமி, உங்களுக்கு என்னத்தைத் தர.

போன கிழமை கிளினிக்கில தராசில தொங்கவிட்டு நிறுத்தவை, 8 கிலோ 200. அழவுமில்லை, மிஸ்ஸின்ர பேனையைப் பறிச்சுக்கொண்டு நிண்டவ. மிஸ், நீங்கள் சொன்ன மாதிரி வேலியோரம் நாலு முருங்கைத்தடி ஊண்டியிருக்கிறம், துளிர்த்திட்டுது, அடுத்த முறை வரேக்க ஒரு கட்டு இலை உங்களுக்கு.