தொங்கும் கல்லும் இழுக்கும் கையும்: வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

அறிமுக இயற்பியலுக்குப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

சுழலும் வட்டத்தட்டுக் கணக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். திருப்பு விசை (ஒரு விசை பொருளைச் சுழலச் செய்யும் விளைவின் அளவு) என்றதுமே மாணவர்கள் ஆரத்தையும் விசையையும் பெருக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசை எப்போதும் விளிம்பில், எப்போதும் தொடுகோட்டின் திசையில், அளவும் கேள்வியிலேயே தயாராக இருந்தால், அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். 2 கிலோகிராம் நிறையும் 0.1 மீட்டர் ஆரமும் கொண்ட சீரான தட்டு, மையத்தின் வழியே செல்லும் கிடைமட்ட அச்சில் உராய்வின்றிச் சுழலக்கூடியது. விளிம்பில் சுற்றிய நூலின் முனையில் 1 கிலோகிராம் கல் தொங்குகிறது. கல்லை விட்டால் தட்டின் கோண முடுக்கம், அதாவது சுழலும் வேகம் கூடும் வீதம், என்ன?

வகுப்பில் பலரும் எழுதும் விடை இது: நூலின் இழுவிசை கல்லின் எடையான 9.8 நியூட்டன்; திருப்பு விசை 0.98 நியூட்டன் மீட்டர். தட்டின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு) 0.01, ஆகவே கோண முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 98 ரேடியன்.

இந்த 98-ஐ ஆரத்தால் பெருக்கினால் கல் இறங்கும் முடுக்கம் 9.8 என்று வருகிறது. அப்படியானால் கல் தடையின்றி விழுகிறது. தடையின்றி விழும் கல்லைத் தாங்கும் நூலில் இழுவிசையே இருக்காது. இழுவிசை இல்லாமல் தட்டு எப்படிச் சுழலத் தொடங்கும்? விடை தன்னைத்தானே மறுக்கிறது. இதைக் கரும்பலகையில் காட்டும்போது வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். ஆண்டு முழுவதும் நான் காத்திருப்பது அந்த நொடிக்காகத்தான்.

கல்லுக்கு ஒரு விசைப்படம் (அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம்), தட்டுக்கு ஒரு விசைப்படம் எனத் தனித்தனியே வரைந்தால் சிக்கல் அவிழ்கிறது. கல்லின் எடையிலிருந்து இழுவிசையைக் கழித்தால் வருவது கல்லை முடுக்கும் விசை. தட்டைத் திருப்புவது இழுவிசை மட்டுமே. இரு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் இழுவிசை 4.9 நியூட்டன், திருப்பு விசை 0.49 நியூட்டன் மீட்டர், கோண முடுக்கம் 49. இழுவிசை எடையில் சரிபாதிதான்.

ஆனால் கல்லுக்குப் பதிலாக ஒருவர் அதே நூலைக் கையால் 9.8 நியூட்டன் விசையுடன் இழுத்தால், 98 சரியான விடை! இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே வினாவின் இரு பகுதிகளாகக் கேளுங்கள் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். ஏன் விடைகள் வேறுபடுகின்றன என்று இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். விசைப்படத்துக்குத் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள்.

கோணத்தைப் பற்றியும் ஒரு சொல். படத்தில் 30° என்று மட்டும் குறிக்காதீர்கள். அது ஆரத்துடனா, தொடுகோட்டுடனா என்று தெரிய வேண்டும். 0.2 மீட்டர் ஆரத்தில் 10 நியூட்டன் விசை செயல்படும்போது, ஆரத்துடன் 30° என்றால் திருப்பு விசை 1 நியூட்டன் மீட்டர், தொடுகோட்டுடன் என்றால் ஏறக்குறைய 1.73. ஆரம், விசை, கோணத்தின் சைன் மூன்றையும் பெருக்க வேண்டும் என்று மனப்பாடமாக எழுதும் மாணவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. விசையின் கோட்டை நீட்டி, அச்சிலிருந்து அதற்குச் செங்குத்துத் தொலைவை வரையச் சொன்னால் தெரிந்துவிடுகிறது. அடுத்த பதிப்பில் அந்தப் படத்தைச் சூத்திரத்துக்கு முன்பாகவே அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை