நம் நடைப்பயிற்சிச் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை, கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும், கட்டைவிரல் போட்டுவிடுவார்கள்.

செயற்குழு 7 முறை கூடியது. அதில் 3 முறை கோரத்துக்கு (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு) ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. கோலப்போட்டிக்கு நல்ல கூட்டம்.

இனி நெடுநடை. டயாலிசிஸுக்கு வந்துபோகும் ஏழை நோயாளிகளின் பஸ் செலவுக்காக 2 நாளில் 50 கிலோமீட்டர் நடப்பது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் பணம் கேட்டு வாங்குவது என்று போன பொதுக்குழுவில் முடிவானது. அன்று கை தூக்கியவர்கள் 43 பேர். பதிவேட்டில் இருக்கிறது.

50 கிலோமீட்டர் என்பது டீ-ஷர்ட் போட்டு ரவுண்டானாவைச் சுற்றிவரும் வாக்கத்தான் அல்ல. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர்தான். அதை ஒரு பௌர்ணமிக்கு முடித்ததை வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அதனால் செப்டம்பரிலிருந்தே ஞாயிறுதோறும் விடியற்காலை 5 மணிக்குப் பயிற்சி வைத்தேன். முதல் வாரம் 8 கிலோமீட்டர், பிறகு வாரத்துக்கு ஒன்று ஒன்றரை கூட்டுவது, நான்காவது வாரம் குறைத்துக் காலுக்கு ஓய்வு. ஸ்டேடியத்தையே சுற்றினால் அரைமணியில் சலித்துவிடும். எனவே பாதைகளை நானே தேடிப் போனேன்.

முதல் மாதம் அவதானப்பட்டி ஏரிப் பக்கம். சமதளம், பேச்சுக்கு வசதி. அடுத்தது சையத் பாஷா மலை. கோட்டைப் படிகளில் ஏறி இறங்கினால் தொடை நான்கு நாள் பேசும். ஆனால் மேலே நின்று ஊரையும் தூரத்தில் அணைத் தண்ணீரையும் ஒருமுறை பார்த்தவர் மறுவாரம் வராமல் இருக்க மாட்டார் என்று நினைத்தேன். இருந்தார்கள்.

மூன்றாவது கே.ஆர்.பி. அணையிலிருந்து, அதாவது நம் கிருஷ்ணகிரி அணையிலிருந்து, காவேரிப்பட்டினம் பக்கம் போகும் கால்வாய்க் கரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் என்னைச் செலவாளி என்று பெயர் வாங்க வைத்தது. தென்பெண்ணைத் தண்ணீரை இடதுபுறம், வலதுபுறம் என்று இரண்டு கால்வாய்களில் விடுகிறார்கள். கரை நெடுக மண்பாதை. ஒரு பக்கம் நாற்று, ஒரு பக்கம் தென்னை, நடுவில் மீன்கொத்தி. தார் ரோட்டில் வலிக்கும் முழங்கால் இங்கே வலிக்காது. ஆனால் மதகுக்கு மதகு பாதை பிரியும். இருட்டில் இரண்டு பேர் வழி தவறி யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றார்கள். அதற்காகத்தான் கரையோரக் கற்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டேன். நானும் என் பேரனும், மூன்று ஞாயிறு மாலை, எந்தக் கூலியும் இல்லாமல். பெயிண்டுக்கும் பிரஷுக்கும் ஆன 2,340 ரூபாயைப் பற்றிப் பொருளாளர் எழுப்பிய கேள்விக்குப் பில் இணைத்திருக்கிறேன். சையத் பாஷா மலை பழைய கோட்டை என்பதால் அங்கே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பக்கம் போகலாமே என்று ஓர் உறுப்பினர் திரும்பத் திரும்பக் கேட்டார். அது யானை நடமாடும் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. அனுமதி வாங்கித் தருகிறேன் என்றவரை அப்புறம் காணவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்கே தெரியும். கரை சேறாகி மூன்று வாரம் பயிற்சி இல்லை. அந்த மூன்று வாரத்தைச் சாக்காக வைத்து நின்றுபோனவர்கள் 11 பேர்.

பிப்ரவரியில் நெடுநடை. புறப்பட்டவர்கள் 14, முடித்தவர்கள் 9. பழனிக்குப் பலமுறை பாதயாத்திரை போன நம் மூத்த உறுப்பினர் அம்மா ரப்பர் செருப்பிலேயே 50 கிலோமீட்டரையும் நடந்தார். காவேரிப்பட்டினத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஒருவர் ஷூவைக் கழற்ற, குதிகாலில் எலுமிச்சை அளவு கொப்புளம். அந்த அம்மா பார்த்துவிட்டு, "ஏன் சார், புது ஷூவை இன்னிக்கேவா போடுவாங்க? குத்தாதீங்க, விடுங்க" என்று தேங்காய் எண்ணெய் தடவித் துணி கட்டிவிட்டார். 20 வாரமாக நான் சொன்னதும் அதேதான். அந்தச் சார் பயிற்சிக்கு இரண்டு முறை வந்தவர்.

நம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புக்காக நடந்தார். ஏப்ரல் 13-ல் கிளம்பி 28-ல் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் சந்தா பாக்கி இருந்ததாகத் தெரியவில்லை.

சந்தா என்றதும் கணக்கு. வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளர் வாசிப்பார். நெடுநடையில் சேர்ந்த தொகை முழுவதும் நோயாளிகளுக்குப் போய்விட்டது, அதில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. உறுப்பினர் 61, சந்தா கட்டியவர் 38. மீதி 23 பேரில் சிலர் இரண்டு கார் வைத்திருக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவருக்கும், மோர் கொடுத்த கரையோர விவசாயிகளுக்கும், மாங்காய் திருட வந்தவர்கள் என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்து, பிறகு விவரம் தெரிந்து தண்ணீர் கொடுத்த தோப்புக் காவலாளிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ராயக்கோட்டை வரை நடக்கலாம் என்று ஓர் எண்ணம். பாதையும் பாதி பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கும் 67 ஆகிறது. செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாராவது முன்வந்தால் பதிவேடு, ரசீதுப் புத்தகம், அரை டப்பா மஞ்சள் பெயிண்ட் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வரவில்லையென்றால், ஞாயிறு காலை 5 மணிக்கு அணை நுழைவாயிலில் இருப்பேன். 5.10-க்குக் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்